வீட்டுக் கணினியில் தொலை உதவி: திறக்கும் முறையும் காக்கும் முறையும்

கடலூரிலும் புதுச்சேரியிலும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கப் பெற்றோர் மட்டும் ஊரில் இருக்கும் வீடுகள் ஏராளம். பரங்கிப்பேட்டைப் பக்கம் போனால் வளைகுடா நாடுகளில் பிள்ளைகள் இருப்பார்கள். புதுச்சேரியில் பிரான்சில் இருப்பார்கள். பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் முதியவர் ஆண்டுதோறும் அனுப்ப வேண்டிய உயிர்ச்சான்றைக் கணினியில் ஏற்ற முடியாமல் தவிக்கும்போதோ, பிரின்டர் திடீரென்று வேலை செய்யாமல் நின்றுவிடும்போதோ, பாரிசில் இருக்கும் மகன் தொலைபேசியில் "இடது மூலையில் என்ன தெரியுது, அதுக்குக் கீழே என்ன இருக்கு" என்று கேட்டுக் கேட்டு வழிசொல்லி, ஒரு மணி நேரம் கழித்து இருவருமே சலித்துப்போவது வழக்கம். மகன் தன் திரையிலேயே தந்தையின் திரையைக் கண்டு, அங்கிருந்தபடியே மவுஸை நகர்த்திச் சரிசெய்து தர முடிந்தால் அதே வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த வசதிக்குத்தான் தொலை உதவி என்று பெயர். அது பெரும்பாலான விண்டோஸ் கணினிகளில் ஏற்கெனவே இருக்கிறது. தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

ஆனால் அதே வசதியைக் கொண்டுதான் முன்பின் தெரியாதவர்களும் வீட்டுக்குள் வருகிறார்கள். லாஸ்பேட்டையில் தனியாக வசிக்கும் என் அத்தைக்குச் சில காலம் முன்பு ஓர் அழைப்பு வந்தது. இணைய இணைப்பு தரும் நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர், கணினியில் வைரஸ் புகுந்திருப்பதாகவும் தாமே நீக்கித் தருவதாகவும் கூறி, ஓர் எண்ணைச் சொல்லி அதைத் திரையில் தட்டச்சு செய்யும்படி கேட்டிருக்கிறார். அத்தையும் செய்துவிட்டார். வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னபோதுதான் சந்தேகம் வந்து கணினியை அணைத்தார். பணம் போகவில்லை. பிற்பாடு என்னிடம் அவர் கேட்ட கேள்வியை நான் மறக்கவே முடியாது: "ஓடிபி யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு எனக்குத் தெரியும்ப்பா. நான் ஒரு நம்பரும் சொல்லலையே, அவன்தானே எனக்கு நம்பர் சொன்னான்?"

இந்த வழிகாட்டி அந்தக் கேள்விக்காகவே எழுதப்படுகிறது. எண்ணைச் சொல்லாதே என்று மட்டுமே நாம் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். எண்ணை வாங்கித் தட்டச்சு செய்வதும் கதவைத் திறந்துவிடுவதற்குச் சமம் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆகவே, எண் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதை முதன்மையாகப் பார்ப்பதைவிட, உதவி வேண்டும் என்ற முதல் அழைப்பு யாரிடமிருந்து புறப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். நாம் நமக்குத் தெரிந்த எண்ணுக்கு அழைத்து உதவி கேட்டிருந்தால் தொடரலாம். அவர்களாகவே அழைத்திருந்தால், எந்த நிறுவனத்தின் பெயரைச் சொன்னாலும், இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றின் மீதே நிற்கின்றன.

எந்தக் கருவி, எந்த வேலைக்கு

விண்டோஸில் தொலைவிலிருந்து இணைவதற்கு மூன்று வெவ்வேறு வசதிகள் உள்ளன; பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் பலரும் குழம்புகிறார்கள். முதலாவது குயிக் அசிஸ்ட். 2016-இல் விண்டோஸ் 10-இன் ஒரு புதுப்பிப்புடன் வந்த இது, 2022 முதல் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாகப் புதுப்பிக்கப்படும் செயலியாக இருக்கிறது. வீட்டுப் பயன்பாட்டுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். இரண்டாவது ரிமோட் அசிஸ்டன்ஸ். 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பியுடன் வந்த பழைய முறை, அழைப்புக் கோப்பு ஒன்றை உருவாக்கி அனுப்பி இணைவது. மூன்றாவது ரிமோட் டெஸ்க்டாப். இது உதவிக்கானதன்று, அலுவலகக் கணினியை வீட்டிலிருந்து முழுமையாக இயக்குவதற்கானது. விண்டோஸ் ஹோம் பதிப்புள்ள கணினிக்குள் இந்த மூன்றாம் வழியில் நுழையவும் முடியாது. புரோ முதலான பதிப்புகள் தேவை. வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். குறிப்பாக, யாராவது ரௌட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் உள்ளே வரும் வாயிலை, திறந்து வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தப் போர்ட் திறந்திருக்கும் கணினிகளைத் தேடி, கடவுச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்க்கும் தானியங்கி நிரல்கள் இணையமெங்கும் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருக்கின்றன.

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற பிற நிறுவனச் செயலிகள் நல்ல கருவிகளே. பல சர்வீஸ் கடைகள் அவற்றையே பயன்படுத்துகின்றன. ஆயினும் வேலை முடிந்த பிறகும் அவை கணினியில் தங்கிவிடுவதாலும், ஆளில்லாதபோதும் நுழையும்படி அமைத்துவிட முடிவதாலும், முதியவர் வீட்டில் அவற்றை நிரந்தரமாக வைத்திருப்பதை நான் விரும்புவதில்லை.

இணைவதற்கு முன்

முதலில் நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சுக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேரமும், அக்டோபர் கடைசி ஞாயிறு தொடங்கி மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேரமும் வேறுபாடு உண்டு. மகன் மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து அமர்ந்தால் புதுச்சேரியில் இரவு ஒன்பதரையோ பத்தரையோ ஆகியிருக்கும்; தூக்கக் கலக்கத்தில் 'சரி, சரி' என்று எதையும் அழுத்திவிடக்கூடிய நேரம் அது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல் போன்ற ஒரு பொழுதை வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, திரையில் தெரியக் கூடாதவற்றை மூடுங்கள். உதவுபவர் சொந்த மகனாகவே இருந்தாலும் இந்தப் பழக்கம் இருக்கட்டும்; நாளை சர்வீஸ் கடைக்காரர் இணையும்போது அதே பழக்கம் கை கொடுக்கும். வங்கிப் பக்கங்களிலிருந்து வெளியேறி, மின்னஞ்சலையும் வாட்ஸ்அப் வெப்பையும் மூடிவிட வேண்டும். டெஸ்க்டாப்பில் ஆதார், பான் அட்டைகளின் ஸ்கேன் படங்கள் கிடந்தால் வேறு ஃபோல்டருக்கு மாற்ற வேண்டும். கைப்பேசியின் குறுஞ்செய்திகள் கணினித் திரையில் தோன்றும்படி அமைத்திருப்பவர்கள், உதவி நடக்கும் வரை அந்த அறிவிப்புகளை நிறுத்திவைப்பது மிக அவசியம். ஓடிபி வரும் நொடியில் அது எதிர்முனையிலும் தெரிந்துவிடும். முக்கியமான கோப்புகளுக்கு ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

குடும்பத்துக்குள் ஒரு கேள்வியை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில், தொலை உதவி என்று யார் பேசினாலும் அத்தை அந்தக் கேள்வியைக் கேட்பார். அதன் விடை எங்கள் நால்வருக்கு மட்டுமே தெரியும், எந்தச் சமூக ஊடகத்திலும் இல்லை. குரலைக்கூடப் போலியாக உருவாக்கிவிட முடிகிற இக்காலத்தில், குரலை மட்டும் நம்புவது போதாது.

குயிக் அசிஸ்ட்: படிப்படியாக

இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டே செய்ய வேண்டிய வேலை இது. ஏனெனில் குயிக் அசிஸ்டில் குரல் வசதி கிடையாது, எழுதி அனுப்பும் வசதி மட்டுமே உண்டு. கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டால் இரு கைகளும் கணினிக்குக் கிடைக்கும்.

முதற்படியாக, இருவரும் தத்தம் கணினியில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, குயிக் அசிஸ்ட் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து செயலியைத் திறக்க வேண்டும். கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினாலும் திறக்கும். செயலி இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து மட்டுமே நிறுவுங்கள். தொலைபேசியில் ஒருவர் சொல்லும் முகவரியிலிருந்தோ, கூகுள் தேடலில் மேலே வரும் விளம்பரத்திலிருந்தோ இறக்கக் கூடாது.

இரண்டாவதாக, உதவுபவர் 'ஹெல்ப் சம்ஒன்' என்பதை அழுத்தித் தம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும். உதவி பெறுபவருக்குக் கணக்கு தேவையில்லை. எனவே "உங்க மைக்ரோசாஃப்ட் பாஸ்வேர்டைச் சொல்லுங்க" என்று கேட்கப்பட்டால், அந்த இடத்திலேயே ஏதோ தவறு என்று புரிந்துகொள்ளலாம். நுழைந்ததும் உதவுபவரின் திரையில் ஒரு பாதுகாப்புக் குறியீடு தோன்றும். அது பத்து நிமிடம் மட்டுமே செல்லும். அதற்குள் பயன்படுத்தாவிட்டால் புதிதாக ஒன்று எடுக்க வேண்டும்.

மூன்றாவதாக, உதவி பெறுபவர் அந்தக் குறியீட்டைக் கேட்டு, 'கெட் ஹெல்ப்' பகுதியில் உள்ள கட்டத்தில் தட்டச்சு செய்து 'சப்மிட்' கொடுக்க வேண்டும். இங்கேதான் என் அத்தைக்கு வந்த குழப்பம் பிறக்கிறது. குறியீட்டை உருவாக்கியவர் எதிர்முனையில் இருப்பவர். அதை ஏற்றுக்கொண்டு உள்ளே விடுபவர் நாம். வீட்டு வாசலில் நிற்பவர் தன் பெயரைச் சொல்கிறார், நாம் தாழ்ப்பாளை நீக்குகிறோம். அதைப் போன்றதுதான் இது. பெயரைச் சொல்வதால் மட்டும் அவர் நல்லவர் ஆகிவிடுவதில்லை.

நான்காவதாக, திரையைப் பகிர்வதன் விளைவுகளை எச்சரிக்கும் ஒரு பக்கம் வரும். அதைப் படித்துப் புரிந்துகொண்டதாகக் குறியிட்ட பிறகே 'அலோ' என்ற அனுமதிப் பொத்தானை அழுத்த முடியும். பெரும்பாலானோர் இந்தப் பக்கத்தைப் படிக்காமலே கடக்கிறார்கள். பெற்றோருக்கு முதல்முறை சொல்லித்தரும்போது, அந்தப் பக்கத்தை அவர்களையே வாய்விட்டுப் படிக்கச் செய்து, பொருளைத் தமிழில் சொல்லுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும். என் அனுபவத்தில் இதைவிடப் பயனுள்ள பயிற்சி வேறில்லை.

அனுமதித்தவுடன் உதவுபவருக்குத் திரை தெரியும். ஆனால் எதையும் தொட முடியாது. பல சிக்கல்களுக்கு இந்த நிலையே போதும். மகன் பார்த்துக்கொண்டே சொல்ல, தந்தை தானே அழுத்தினால், அடுத்த முறை உதவி இல்லாமலே அவருக்கு அந்த வேலை வந்துவிடும். அதற்கு மேலும் தேவைப்பட்டால் உதவுபவர் 'ரிக்வெஸ்ட் கன்ட்ரோல்' என்று கேட்பார். உதவி பெறுபவர் மீண்டும் ஒருமுறை அனுமதித்தால்தான் மவுஸும் கீபோர்டும் அவர் வசம் போகும். இந்த இரண்டாம் அனுமதி வேறு, முதல் அனுமதி வேறு என்பதைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

கட்டுப்பாடு கைமாறிய பிறகும் ஓரிடத்தில் அதிகாரம் நம்மிடமே இருக்கும். நிரல் ஒன்றை நிறுவும்போதோ கணினியின் ஆழமான அமைப்புகளை மாற்றும்போதோ, திரை மங்கி, 'இந்தச் செயலி மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா' என்று விண்டோஸ் கேட்கும். அப்போது உதவுபவரின் திரை கறுத்துவிடும். ஆம் என்றோ இல்லை என்றோ அழுத்த வேண்டியவர் கணினியின் முன் அமர்ந்திருப்பவர்தான். அந்தச் சாளரத்தில் எந்தச் செயலியின் பெயர் இருக்கிறது என்று உரக்கப் படித்து, எதற்காக என்று கேட்டு, பதில் புரிந்த பின்னரே ஆம் என்று சொல்லுங்கள்.

முடிந்ததும் 'லீவ்' பொத்தானை அழுத்திச் செயலியை மூடிவிட வேண்டும். அதற்காக எதிர்முனையின் இசைவைக் கேட்கத் தேவையில்லை; எந்த நொடியிலும் நாமே முடித்துக்கொள்ளலாம்.

உதவுபவரிடம் விண்டோஸ் இல்லையென்றால்

மகனிடம் ஆப்பிள் கணினி இருந்தால் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் உதவும். ரிமோட்டெஸ்க்டாப் டாட் கூகுள் டாட் காம் என்ற முகவரியின் சப்போர்ட் பக்கத்தை உதவி பெறுபவர் குரோம் உலாவியில் திறந்து, கேட்கும் சிறு நிரலை நிறுவி, குறியீட்டை உருவாக்க வேண்டும். இங்கே திசை மாறுகிறது என்பதைக் கவனியுங்கள்: 12 இலக்கக் குறியீடு நம் திரையில் தோன்றுகிறது, அதை நாம் உதவுபவருக்குச் சொல்கிறோம். அது ஐந்து நிமிடம் செல்லும். அவர் அதைப் பதித்ததும் அவருடைய மின்னஞ்சல் முகவரி நம் திரையில் காட்டப்படும். அது நம் பிள்ளையின் முகவரிதானா என்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து, பிறகே 'ஷேர்' அழுத்த வேண்டும். பார்க்க மட்டும் விடும் இடைநிலை இதில் இல்லை. அனுமதித்தவுடன் முழுக் கட்டுப்பாடும் போய்விடும். ஆனால் அரை மணிக்கொரு முறை, பகிர்வைத் தொடரலாமா என்று அதுவே நம்மைக் கேட்கும். அது நல்ல ஏற்பாடு.

இதே சேவையில், ஆளில்லாதபோதும் நுழைய ஒரு பின் எண் வைத்து நிரந்தரமாக அமைக்கவும் வழியுண்டு. 'அப்பாவைத் தொந்தரவு செய்ய வேண்டாமே' என்று பிள்ளைகள் அதை விரும்புவார்கள். நான் வேண்டாம் என்பேன். பிள்ளையின் கூகுள் கணக்கை ஒருவர் கைப்பற்றினால் தந்தையின் கணினி வரை அவருக்கு வழி கிடைத்துவிடும்; அதைத் தடுக்க ஒரு பின் எண் மட்டுமே மிஞ்சும். அப்படி வைத்தே ஆக வேண்டுமெனில், அந்தக் கணக்குக்குக் கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம் இருக்க வேண்டும்.

பழைய ரிமோட் அசிஸ்டன்ஸ் அமைப்பு

பழைய கணினிகளில் இது தெரியாமலே இயக்கத்தில் இருக்கலாம். ஸ்டார்ட் தேடலில் ரிமோட் அசிஸ்டன்ஸ் என்று தட்டச்சு செய்தால், அழைப்புகளை அனுமதிக்கும் அமைப்பு கிடைக்கும். அதைத் திறந்தால் சிஸ்டம் பிராப்பர்ட்டீஸ் சாளரத்தின் ரிமோட் பகுதி வரும். அங்குள்ள பெட்டியில் குறியிட்டால் வசதி இயங்கும், நீக்கினால் நின்றுவிடும். அட்வான்ஸ்டு பொத்தானில் பார்வையா, கட்டுப்பாடும் சேர்த்தா என்பதையும், அழைப்பு எத்தனை மணி நேரம் செல்லும் என்பதையும் மாற்றலாம். இயல்பாக ஆறு மணி நேரம் இருக்கும், அதை ஒரு மணி நேரமாகக் குறைக்கலாம். குயிக் அசிஸ்ட் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் குறி தேவையே இல்லை, நீக்கிவிடுங்கள்.

உதவி நடக்கும்போது கண்ணில் பட வேண்டியவை

எழுந்து போகாதீர்கள். குக்கர் விசிலடித்தாலும், வாசலில் கீரைக்காரர் கூப்பிட்டாலும், முதலில் 'லீவ்' அழுத்திவிட்டுப் போங்கள். மீண்டும் இணைவது எளிது.

போலி உதவியாளர்களின் உத்திகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. தெரிந்துகொண்டால் முதல் நிமிடத்திலேயே அடையாளம் காணலாம். ஈவென்ட் வியூவர் என்ற பகுதியைத் திறந்து, சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கான பிழைகளைக் காட்டி, 'பாருங்கள், எல்லாம் வைரஸ்' என்பார்கள். நன்றாக இயங்கும் கணினியிலும் அந்தப் பதிவுகள் அப்படித்தான் இருக்கும். கறுப்புத் திரையில் நெட்ஸ்டாட் என்ற கட்டளையை இட்டு, அங்கு வரும் 'ஃபாரின் அட்ரஸ்' என்ற தலைப்பைக் காட்டி, வெளிநாட்டுத் திருடர்கள் இணைந்திருப்பதாகப் பயமுறுத்துவார்கள். மறுமுனைக் கணினியின் முகவரி என்பதுதான் அதன் பொருள். நாம் ஒரு செய்தித்தளத்தைத் திறந்தாலும் அங்கே ஒரு வரி கூடும். இன்னொன்று மிகக் கொடியது: பணம் திருப்பித் தருவதாகச் சொல்லி வங்கிப் பக்கத்தைத் திறக்கவைத்து, உலாவியில் அந்தப் பக்கத்தின் எழுத்துகளை மாற்றி, ஐந்நூறுக்குப் பதில் ஐம்பதாயிரம் தவறாக வந்துவிட்டதுபோல் காட்டி, மீதியை அனுப்பச் சொல்லி அழாத குறையாகக் கெஞ்சுவார்கள். திரையில் மாறியது எழுத்து மட்டுமே. கணக்கில் எதுவும் வந்திருக்காது.

நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2024 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எச்சரிக்கையின்படி, ஒரு கும்பல் முதலில் இலக்கானவரின் மின்னஞ்சல் பெட்டியைக் குப்பை அஞ்சல்களால் நிரப்பி, பின் அதைச் சரிசெய்யும் தொழில்நுட்ப உதவியாளராகத் தானே அழைத்து, குயிக் அசிஸ்ட் வழியே நுழைந்து, இறுதியில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல் வரை கொண்டுபோயிருக்கிறது. சிக்கலை உண்டாக்கியவரே அடுத்த நிமிடம் உதவிக்கும் வருகிறார். ஆகவே கணினியில் உண்மையிலேயே சிக்கல் இருப்பது, அழைப்பவர் உண்மையானவர் என்பதற்குச் சான்றாகாது.

கைப்பேசியில் இவ்வகைச் செயலிகளை நிறுவச் சொன்னால் ஒருபோதும் இணங்காதீர்கள். ஓடிபியும் யுபிஐ செயலியும் ஒரே திரையில் இருக்கும் கருவி அது. எனிடெஸ்க் செயலியை நிறுவச்செய்து யுபிஐ வழியே பணம் பறிக்கும் முறை குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது.

ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. தானே புயலிலும் ஃபெஞ்சல் புயலிலும் மின்சாரம் எப்படிப் போனது என்று நமக்குத் தெரியும். சாதாரண மழைக்கே பாதி வேலையில் இணைப்பு அறுந்துவிடும். அப்படி அறுந்தால், அடுத்து வரும் அழைப்பை எடுத்து உடனே புதிய குறியீட்டைப் பதிக்காமல், நீங்களே பிள்ளையின் எண்ணுக்கு அழைத்து மறுபடி தொடங்குங்கள்.

முடிந்த பிறகு

செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குச் சென்று, நிறுவிய நாள் வரிசைப்படி பட்டியலை அடுக்கிப் பாருங்கள். இன்று நிறுவப்பட்டவை எல்லாம் நீங்கள் அறிந்து நிறுவியவைதானா என்று சரிபார்த்து, சர்வீஸ் கடைக்காரர் விட்டுச்சென்ற தொலைச் செயலி இருந்தால் நீக்குங்கள். கணினி தொடங்கும்போதே தானாக இயங்கும் செயலிகளின் ஸ்டார்ட்அப் பட்டியலையும், உலாவியில் சேர்க்கப்பட்ட துணை நிரல்களான எக்ஸ்டென்ஷன்களையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. விண்டோஸ் 10-க்கான இயல்பான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதிலேயே இருப்பவர்கள், பிள்ளை இணைந்திருக்கும் நேரத்திலேயே விண்டோஸ் 11-க்கு அந்தக் கணினி தகுதியானதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

தவறு நடந்துவிட்டால்

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். ரௌட்டரின் சுவிட்சை அணைப்பதே வேகமான வழி. பிறகு வங்கிக்கு அழைத்துக் கணக்கையும் அட்டையையும் முடக்கச் சொல்லுங்கள். அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழையுங்கள், இணையத்தில் தேடிய எண்ணுக்கு வேண்டாம். அடுத்து 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அதே எண்தான். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். இவற்றை மகன் வந்தபின் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் வங்கிகளுக்கு விடுத்த அறிவுறுத்தலின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை அவரே ஏற்க வேண்டும். ஆனால் வங்கிக்குத் தெரிவித்த நொடிக்குப் பின் நிகழும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது. ஆகையால் எத்தனை மணிக்கு அழைத்தீர்கள், யாரிடம் பேசினீர்கள், என்ன புகார் எண் கொடுத்தார்கள் என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். நுழையப்பட்ட கணினியிலிருந்து மாற்றினால், புதியதும் அவர்களுக்குத் தெரிந்துவிடக்கூடும்.

வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம் என்பதைப் பிள்ளைகள் முன்கூட்டியே பெற்றோரிடம் சொல்லிவைக்க வேண்டும். அத்தை எங்களிடம் சொல்வதற்கு இரண்டு நாள் தயங்கினார். அந்த இரண்டு நாளும் அந்தக் கணினியைத் திறக்கவே அஞ்சியிருக்கிறார். இப்போது அவருடைய திரைக்கு அருகில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் வங்கியின் எண், 1930, என் எண், பிரான்சில் இருக்கும் மகனின் எண் ஆகிய நான்கும் பெரிய எழுத்தில் உள்ளன. குடும்பக் கேள்வியை மட்டும் அதில் எழுதவில்லை.

ஏமாந்த கணினியை உடனே ஃபார்மட் செய்யக் கொடுத்துவிடாதீர்கள். திரையில் இருந்தவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து, அழைப்பு வந்த எண்ணையும் நேரத்தையும் காட்டும் அழைப்புப் பட்டியலையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, புகாரைப் பதிந்து, காவல்துறையினர் கணினியைப் பார்க்கத் தேவையில்லை என்று சொன்ன பிறகே சர்வீஸ் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.